தொட்டியில் நெல் ஊறிக்கொண்டிருந்த மில்லை மூடப் போன கதை

சுற்றுச்சூழல் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருப்பார்கள், "சின்ன யூனிட்டுகள்தான் பெரிய தொல்லை" என்று. என்னிடமும் சொன்னார்கள். ஒரு ஆயுசு முழுக்க இந்த வேலையைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சின்ன யூனிட் தொல்லை இல்லை. அதை மூடுவது நமக்கு அவ்வளவு சுலபமாக இருக்கிறதே, அதுதான் தொல்லை.

பெரிய ஆலைக்கு ஆய்வுக்குப் போனால் வாசலில் செக்யூரிட்டி, தலைக்கு ஹெல்மெட், ஏசி அறை, இளநீர். குற்றம் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுத்தால் மறுநாள் வக்கீல் வருவார், கோர்ட்டில் தடை வாங்குவார். கேஸும் நடக்கும், ஆலையும் நடக்கும். ஐந்தாறு பேர் வேலை பார்க்கிற பட்டறை என்றால் வக்கீல் கிடையாது, கோர்ட் கிடையாது. கம்பத்தில் ஃபியூஸைப் பிடுங்கினால் கதை முடிந்தது. நாமும் பிடுங்கிய ஃபியூஸை ஒரு போட்டோ எடுத்து மேலே அனுப்புவோம். மேலேயிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். புலியை அடித்த தெம்போடு வீட்டுக்குப் போவோம். நன்றாகத்தான் இருக்கிறது நியாயம்!

என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாவம், போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் நான் இல்லை. திருச்சியில் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "அந்தம்மாவா? கறார்" என்பார்கள். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் நான் புடவை எடுக்கப் போனால் கடைக்காரர் பிளாஸ்டிக் பைகளைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளுவார். ஓய்வு பெற்ற பிறகும் தள்ளுகிறார்கள். எனக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வாய்த்த மேலதிகாரி ஒருவர், வெற்றிலையை மென்றுகொண்டே ஒன்று சொன்னார். "மூடுறதுக்கு எலெக்ட்ரீஷியன் போதும்மா. உள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு வரத்தான் இன்ஜினீயருக்குச் சம்பளம்." எனக்குச் சுருக்கென்றது. மனுஷன் நம்மை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த வார்த்தையின் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது வேலையின் கடைசி வருஷத்தில், திருவானைக்காவலில் ஒரு நெல் மில்லில்.

அந்த மில்லை நடத்தியவர் லூர்துமேரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். கணவர் களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்ததும், வேலையை விட்டுவிட்டு மில்லைப் பார்க்க வந்தார். டீச்சர் வேலை போனதே தவிர அதட்டல் போகவில்லை. மில்லுக்கு வருகிற விவசாயிகள் எல்லாரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், வரிசையிலும் நிற்பார்கள்.

அது கூலி மில். அதாவது அவர் நெல் வாங்கி அரிசி விற்கிறவர் இல்லை. விவசாயி தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய நெல்லைக் கொண்டுவருவார். அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்து, அரைத்து, அவரவர் அரிசியை அவரவருக்கே கொடுக்க வேண்டும். ஒரு வீட்டு நெல் இன்னொரு வீட்டு நெல்லோடு கலக்காது. லூர்துமேரி மில்லின் பெயரே அதில்தான் இருந்தது.

கெட்ட பெயரும் இருந்தது. நெல் ஊறிய தண்ணீரை மில்லுக்குப் பின்னால் ஒரு குழாய் வழியாக வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் பழுப்பாக இருக்கும், புளிப்பு நாற்றம் அடிக்கும், போய்ச் சேருகிற இடம் காவிரி. "எங்க மாமனார் காலத்துலேருந்து இப்படித்தான் போகுது" என்றார். மாமனார் காலத்திலிருந்து நடந்தால் தப்பு சரியாகிவிடுமா? சுத்திகரிப்புத் தொட்டி கட்டச் சொல்லி நானே நோட்டீஸ் கொடுத்திருந்தேன். பள்ளம் தோண்டி, உள்சுவர் பூசியதோடு வேலை நின்றிருந்தது.

மில்லை ஒட்டிப் புதிதாக ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. அதன் செயலாளர் சௌரிராஜன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர், தினமும் விடியலில் காவிரி ஸ்நானம். அவர் அனுப்பிய புகார்களை அடுக்கினால் தலையணை உயரம் வரும். ஒன்றும் பொய்ப் புகார் இல்லை. அவர் குளிக்கிற தண்ணீரில் நாற்றம் வந்தால் அவர் கேட்காமல் யார் கேட்பது?

புரட்டாசியில் ஒரு நாள் காலை, வாய்க்காலில் நுரை பொங்கிப் போவதை சௌரிராஜன் வீடியோ எடுத்துப் போட்டார். யாரோ ஒரு புண்ணியவான் அதற்குச் சோகப் பாட்டும் சேர்த்துவிட்டார். நான் ஆபீசுக்குள் நுழைவதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. அப்போது எனக்கு மேலே இருந்த அதிகாரி போனில் வந்தார்.

"பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன் சார்."

"மூடல் உத்தரவு மெயில்ல வந்திருக்கு. சாயங்காலத்துக்குள்ள கரண்ட்டைக் கட் பண்ணி போட்டோ அனுப்பிடுங்க. டிவிக்காரங்க உயிரை எடுக்குறாங்க."

உத்தரவை எடுத்துக்கொண்டு, மின்வாரிய ஊழியரையும் அழைத்துக்கொண்டு போனேன். எனக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை. நோட்டீஸ் கொடுத்தும் கேட்கவில்லை, அனுபவிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். மில் வாசலில் குடியிருப்புக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லூர்துமேரி கேட்டுக்குக் குறுக்கே நின்றார்.

"வாங்க மேடம். பூட்டத்தானே வந்தீங்க? உள்ள வந்து பார்த்துட்டுப் பூட்டுங்க. பேப்பரைத் திருத்தாம மார்க் போடக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எந்த யூனிட்டுக்குப் போனாலும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்ப்பது என் வழக்கம். முன்பக்கத்தில் சாமி படம் இருக்கும், பின்பக்கத்தில்தான் சங்கதி இருக்கும். நேராக மில்லின் பின்பக்கம் போனேன். தொட்டிகள் எல்லாமே நிரம்பியிருந்தன. நெல் ஊறி உப்பி, மேலே குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"எப்ப போட்டது?"

"நேத்து மத்தியானம். இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அவிக்க ஆரம்பிக்கணும். இல்லன்னா புளிச்சு நாறிடும், மாடுகூட வாய் வைக்காது."

"யார் வீட்டு நெல்லு?"

"லால்குடி பக்கத்துக் குடும்பங்க மேடம். குறுவையில வீட்டுக்குன்னு எடுத்து வச்ச நெல்லு. இது கெட்டுச்சுன்னா அவங்க கடையில அரிசி வாங்கித் திங்கணும். அப்புறம் இந்தக் கேட்டுப் பக்கம் ஒருத்தன் வருவானா? மில்லை நீங்க பூட்டவே வேணாம், தானாப் பூட்டிக்கும்."

நான் அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் பாய்லருக்குத் தண்ணீர் ஏறாது, நீராவி கிடையாது. நீராவி இல்லாவிட்டால் அத்தனை நெல்லும் புளிக்கும். புளித்த நெல்லையும் அந்த நாற்றத் தண்ணீரையும் என்ன செய்வது?

"இப்ப கரண்ட்டைக் கட் பண்ணினா என்ன பண்ணுவீங்க?" என்று அவரிடமே கேட்டேன்.

"தொட்டி வால்வைத் திறந்து விட்டுட்டு, வீட்டுக்குப் போய் ஜெபமாலை சொல்லுவேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?"

பொய் சொல்லவில்லை பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. வாய்க்காலைக் காப்பாற்ற வந்த உத்தரவை அப்படியே நிறைவேற்றினால், இதுவரை சிறுகச் சிறுகப் போன நாற்றத் தண்ணீர் மொத்தமும் ஒரே நாளில் வாய்க்காலில் போய்ச் சேரும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். இந்தத் தப்பை நம் துறை ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. மூடி முடித்த போட்டோ நம்மிடம் இருக்கும், அதனால் தப்பு நடந்ததே நமக்குத் தெரியாது.

மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "சார், இன்னைக்குக் குழாயை மூடுறேன். மில்லை நாளைக்குக் காலையில மூடுறேன்."

"என்ன மேடம், கவிதை சொல்றீங்களா?"

விளக்கிச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "உத்தரவுல அப்படி இல்லையே" என்றார்.

"உத்தரவு எழுதினவருக்குத் தொட்டியில நெல் ஊறுதுன்னு தெரியாது சார். எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"தையோட ரிட்டயர் ஆகப் போறீங்க. இப்ப எதுக்கு வம்பு? ஒரு மெமோ வந்தா பென்ஷன் நின்னுடும். என் பேரை இதுல இழுக்காதீங்க, சொல்லிட்டேன்."

"உங்க பேர் வராது சார். என் பொறுப்புன்னு எழுதி இப்பவே மெயில் அனுப்புறேன்."

தைரியசாலி என்று என்னை நானே சொல்லிக்கொள்வேன், ஆனால் பென்ஷன் என்ற வார்த்தை யாரையும் கொஞ்சம் உலுக்கத்தான் செய்யும். மெயிலை அனுப்பினேன். பிறகு யோசிக்க நேரமில்லை. ஒரு கொத்தனாரைப் பிடித்து, வாய்க்கால் பக்கத்துக் குழாய் வாயைச் செங்கல்லும் சிமென்ட்டும் வைத்து அடைக்கச் சொன்னேன். நெல் ஊறிய தண்ணீரை பாதியில் நின்ற அந்தச் சுத்திகரிப்புப் பள்ளத்தில் தேக்கி, கழிவுநீர் லாரி வைத்து உறிஞ்சி, மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன். லாரி வாடகை லூர்துமேரி தலையில்தான்.

வெளியே வந்தேன். ஃபியூஸ் இன்னும் கம்பத்திலேயே இருப்பதைப் பார்த்ததும் சௌரிராஜனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"எவ்வளவு வாங்கினேள்?" என்றார். அத்தனை பேர் முன்னால், அத்தனை செல்போன் முன்னால்.

ஆய்வுக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள் நான். ஓங்கி ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்டிருந்தால் அந்த வீடியோவும் சுற்றியிருக்கும், உள்ளே நெல் புளித்திருக்கும். இந்த வேலையில் நம் மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கையில் இருக்கிற காரியத்தை அப்புறம் பார்க்க முடியாது.

"சார், உள்ள வாங்க. வந்து பார்த்துட்டு அப்புறம் இதையே கேளுங்க" என்றேன்.

அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். தொட்டியைக் காட்டினேன், வால்வைக் காட்டினேன், அடைத்துக்கொண்டிருந்த குழாயைக் காட்டினேன். இப்போது கரண்ட்டைப் பிடுங்கினால் நாளைக்கு நீங்கள் முங்கப் போவது இந்தத் தண்ணீரில்தான் என்றேன். அடைப்புக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"ராத்திரி இவா இந்த அடைப்பைத் தட்டிவிட்டுத் திறந்து விட மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"நீங்கதான் நிச்சயம். குழாய் வாயில நாற்காலி போட்டு உட்காருங்க. ஒரு சொட்டு வந்தா எனக்குப் போன் பண்ணுங்க, அந்த நிமிஷமே கட் பண்றேன்."

நான் பாதி கோபத்தில் சொன்னேன். மனிதர் முழுசாக எடுத்துக்கொண்டார். குடியிருப்பிலிருந்து நாற்காலி, டார்ச், ஃபிளாஸ்க், கொசுவத்தி எல்லாம் வந்து இறங்கின.

மறுநாள் காலை போனபோது களம் முழுக்க அவித்த நெல் பரப்பியிருந்தது. அந்த வெதுவெதுப்பான வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. கடைசி லாரி வெளியே போய்க்கொண்டிருந்தது. குழாய் வாய் காய்ந்து கிடந்தது. சௌரிராஜன் கண் சிவக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சொட்டுகூட வரலை" என்றார். அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

லூர்துமேரி சிரித்த முகமாக வந்தார். காயும் நெல்லை அவரவரே எடுத்துப்போய் வேறு இடத்தில் அரைத்துக்கொள்ளச் சொல்லி ஆள் அனுப்பச் சொன்னேன். பிறகு மின்வாரிய ஊழியரைப் பார்த்து, "ஃபியூஸை எடுத்துடுங்க" என்றேன்.

"என்ன மேடம் இது? அதான் தண்ணி விடலையே!"

"நேத்து வரைக்கும் விட்டீங்களே."

"நீங்க நல்லவங்கன்னு ராத்திரி பூரா உங்களுக்காக வேண்டிக்கிட்டேன்."

"வேண்டினது வீண் போகலைங்க. நெல்லு தப்பிச்சுது. தொட்டியைக் கட்டி முடிங்க, திறக்க நானே வரேன்."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். போட்டோ எடுத்து அனுப்பினேன். மெமோவும் வரவில்லை, கட்டைவிரலும் வரவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்களும் போட்டோ கட்சிதான். ஒரு சின்ன யூனிட்டை மூடல் உத்தரவு கொல்வதில்லை. அதற்கு அப்புறம் வருகிற காத்திருப்புதான் கொல்லும்.

லூர்துமேரி அசுர வேகத்தில் சுத்திகரிப்புத் தொட்டிகளைக் கட்டி முடித்தார். மில்லை ஒட்டிய வீட்டில் படுத்துக் கிடந்த கணவர், கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி, அங்கிருந்தே கொத்தனார்களைச் சத்தம் போட்டாராம். நான் சோதித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. திறக்கலாம் என்று எழுதி அனுப்பினேன். அனுப்பியது அனுப்பியபடியே கிடந்தது. மூடுவதற்கு ஒரே காலையில் வந்த உத்தரவு, திறப்பதற்கு மார்கழி பிறந்தும் வரவில்லை. தையில் சம்பா அறுவடை. அப்போது கேட் பூட்டியிருந்தால் விவசாயி நெல்லை வைத்துக்கொண்டு நிற்க மாட்டார், வேறு மில்லுக்குப் போவார். போனவர் பழகிவிடுவார். லூர்துமேரிக்கு அது தெரியும். ஆபீசுக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நிற்பார், ஒன்றும் பேச மாட்டார். அதட்டுகிற வாய் மூடிக்கிடப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மேலதிகாரியிடம் நேரில் போனேன்.

"கொஞ்ச நாள் கிடக்கட்டும் மேடம். மத்தவங்களுக்கும் பாடமா இருக்கும். திறந்து விட்டு அந்த ஸ்ரீரங்கத்துக்காரர் மறுபடி வீடியோ போட்டா யார் பதில் சொல்றது?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பது இதுதான். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். தப்பாகத் திறந்தால் மெமோ வரும். திறக்காமலே வைத்திருந்து ஒரு குடும்பம் நொடித்துப்போனால் நம்மில் யாருக்கும் இதுவரை மெமோ வந்ததில்லை. நம் துறையில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான் என்று நான் அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நேராக சௌரிராஜன் வீட்டுக்குப் போனேன். "சார், உங்க வாட்ச்மேன் வேலை இன்னும் முடியலை, வாங்க" என்று மில்லுக்கு அழைத்துப் போனேன். புதுத் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். எது எங்கே போகிறது, எங்கே வடிகிறது என்று லூர்துமேரியைக் குடைந்தார். அவரும் கணக்கு வகுப்பு மாதிரி விளக்கினார். ஒரு இடத்தில் இவர் குறுக்கே பேசவும், "முழுசாக் கேளுங்க சார், அப்புறம் சந்தேகம் கேக்கலாம்" என்று ஒரு அதட்டல். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

வெளியே வந்து, மேலதிகாரியின் நம்பரை என்னிடம் வாங்கி சௌரிராஜனே பேசினார்.

"நான்தான் அந்த வீடியோ போட்டவன். அடியேன் கேட்டது தீர்த்தம் சுத்தமா இருக்கணும்னு. ஒரு குடும்பத்தை மூடச் சொல்லி எப்போ கேட்டேன்? அதான் தொட்டி கட்டியாச்சே, இன்னும் எதுக்குப் பூட்டி வச்சிருக்கேள்? நாத்தம் வந்தா மறுபடி வீடியோ போடப் போறேன், அது வேற விஷயம்."

உத்தரவு வந்தது. புகார் கொடுத்தவரே சொல்லிவிட்டார் அல்லவா, இனி மேலதிகாரிக்குப் பயமில்லை. ஃபியூஸைத் திரும்பப் போடும்போது நான் கூடவே இருந்தேன். மூடும்போது நேரில் போகிறவர்கள் திறக்கும்போதும் நேரில் போங்கள், அதை வேறு ஆளிடம் விடாதீர்கள்.

அன்றைக்கு மோட்டார் ஓடியது, பாய்லர் சூடானது. தொட்டியில் போட நெல் இல்லை. அறுவடை தொடங்கிவிட்டது, தெருவில் நெல் ஏற்றிய வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் உள்ளே திரும்பவில்லை. லூர்துமேரி கூட்டிய களத்தையே மறுபடி கூட்டினார். பாய்லரை அணைத்துவிடலாமா என்று ஆள் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

"வர மாட்டாங்க மேடம். பெரிய மில்லுக்காரங்க வயலுக்கே வண்டி அனுப்புறாங்களாம். நீங்க கிளம்புங்க, உங்களுக்கு வேலை இருக்கும்."

சட்டப்படி எல்லாம் சரியாக முடித்திருந்தேன். ஆனாலும் களம் வெறுமையாகத்தான் கிடந்தது.

மத்தியானம் தாண்டி குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று மூட்டைகளோடு கேட்டில் திரும்பியது. லால்குடி பக்கத்து விவசாயி ஒருவர் இறங்கினார். புரட்டாசியில் அவர் வீட்டு நெல்லும் அந்தத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்ததாம்.

"பெரிய மில்லுல கூப்பிட்டாங்க டீச்சர். நான்தான் வேணாம்னுட்டேன். பூட்ட வந்த அன்னைக்கே எங்க நெல்லைக் கெட விடாம அவிச்சுக் கொடுத்த இடம். திறந்திருக்கிறப்பவா கெடுத்துடப் போறீங்க? பின்னாடி எங்க பங்காளி வண்டியும் வருது."

லூர்துமேரி துடைப்பத்தைக் கீழே போட்டார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் களமே அதிரக் கத்தினார்.

"அதுக்கு இவ்வளவு லேட்டாவா வர்றது? காலையிலேருந்து பாய்லரைச் சூடு பண்ணி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்! நின்னு பேசாதீங்க, இறக்குங்க முதல்ல!"